மற்ற இம்மாகுலேற்

வரட்டும். இன்றைக்குக் கேட்டே விடுவார். நான் துணியை மடித்துக்கொண்டே இருப்பேன். வேலையாக இருக்கிறவளோடு எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிக்க முடியும்?

பிரான்சில், லா ஷப்பல் பகுதியின் துணிக்கடைக் கண்ணாடி வழியே, வீதியைக் கடந்து வரும் மச்சாளைப் பார்த்தபடி தர்மிளா இப்படி நினைத்துக்கொண்டாள். ஆறு வருடங்களுக்கு முன் அவளுக்கு விசா இல்லை. கணவனின் அக்காவான இந்த மச்சாள் இம்மாகுலேற்றின் வதிவிட அட்டையைக் காட்டி, அவர் பெயரில்தான் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். போன மாதம் சொந்த அட்டை வந்தது. முதலாளியும் பதிவில் பெயரை மாற்றிவிட்டார். வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அவள் இன்னும் இம்மாகுலேற்தான்.

"என்ர பேரைத் திருப்பித் தா," என்றார் மச்சாள், கதவு மூடுமுன்பே.

"இருங்கோ மச்சாள். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"தேத்தண்ணி கிடக்கட்டும். பூசைக்குப் போனா என்னை என்னெண்டு சொல்லுகினம் தெரியுமே? மற்ற இம்மாகுலேற்! கடை இம்மாகுலேற் நல்ல கலகலப்பாம், நான் மற்றவவாம். ஞானஸ்நானம் எனக்கு, பேர் உனக்கோ?"

தர்மிளாவுக்குச் சிரிப்பு முட்டியது. கையிலிருந்த புள்ளித்துணியை விரித்தாள். ஓரத்தில் 'ஓசெலோட்' என்று அச்சிட்டிருந்தது.

"இது சிறுத்தை இல்லை மச்சாள், ஒரு காட்டுப்பூனை. போனில பாத்தனான். முந்தி மெக்சிக்கோவில அந்தப் பேர் பெரிய ஜாகுவாருக்குத்தான் இருந்ததாம். பூனைக்கு வயல் ஜாகுவார் எண்டமாதிரி நீளப் பேர். ஒரு பிரான்ஸ்காரர் அந்தப் பேரின்ர முன்பக்கத்தை வெட்டிப்போட்டு மிச்சத்தைப் பூனைக்கு எழுதிவிட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன, எழுதினது எழுதினதுதான்."

"ஜாகுவார் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"அது வேற பேரில நல்லாத்தான் இருக்குது."

மச்சாளின் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

விசா இல்லாத நாட்களில், செவ்ரான் புறநகரில் இருந்த வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவள் தர்மிளா. கடைக்கு வந்ததும் அவள் வேறொருத்தி. அந்த இம்மாகுலேற் சிரித்தாள், பேரம் பேசினாள், பிரெஞ்சில் வாய்க்கு வாய் கொடுத்தாள். அவளை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கதவு திறந்தது. மரியமலர், கடையின் பழைய வாடிக்கை.

"இம்மாகுலேற், அந்தப் புள்ளித்துணி இருக்கே?"

இருவருமே திரும்பினார்கள்.

"இப்ப சொல்லு, உன்ர பேர் தர்மிளா எண்டு," மச்சாள் காதருகே கிசுகிசுத்தார்.

தர்மிளா தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள். பிறகு துணியைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஓம் அக்கா, இஞ்சை இருக்கு."