ஒரு டிரைவர் கணக்கு

பல் செட் செய்கிறவருக்கு வாயைத் திறந்து பேச வராது என்று யாராவது சொன்னால் நான் நம்புவேன். நம் பல்காரர் அப்படிப்பட்டவர். ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்துப் பல் கட்டிக் கொடுப்பார். தன் வாயைத் திறக்க மட்டும் நாள் பார்ப்பார்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி ஆறி ஏடு கட்டிய பிறகு சொன்னார்: "பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பெரியம்மா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரணும். கார்லயே."

யார் போக வேண்டும்? அதைத்தான் சொல்லவில்லை. தமிழில் இப்படி ஒரு வசதி. எழுவாயே இல்லாமல் ஒரு குடும்பத்தை ஓட்டிவிடலாம். 'போகணும்' என்று சொல்லிவிட்டு மனுஷன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் மகள், பதினான்கு வயது. படுசுட்டி என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்றே பெயர். இன்னொருத்தி அவர் மனைவி. வாலின் அம்மா செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. இவளைக் கட்டிக்கொண்டு வந்து ஒன்றரை வருஷம். சரக்கு லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கிற ஆபீஸில் வேலை பார்க்கிறாள். எந்த லாரி எந்தச் சாலையில் போக வேண்டும், எந்த எல்லைச் சாவடியில் கூட்டம் குறைவு, டிரைவர் எங்கே தூங்க வேண்டும், எல்லாம் இவள் சொல்வதுதான். அக்கம்பக்கத்தில் லாரிக்காரி என்றால் தெரியாதவர்கள் கிடையாது.

பெரியம்மா என்பது வாலின் பெரியம்மா, செத்துப்போன அம்மாவின் ஒரே அக்கா. இரண்டு எல்லை தாண்டி ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறாள். மூட்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த அம்மாளால் படி இறங்க முடியவில்லை. 'புள்ளைய ஒரு தடவை கண்ணுல காட்டுங்க' என்று போன வாரம் போனில் கேட்டிருந்தாள். விமானத்தில் போகலாமே என்றால், பல்காரருக்கு விமானம் என்ற பேச்சை எடுத்தாலே பல் கிட்டித்துக்கொள்ளும். ஆக, கார்.

லாரிக்காரி உள்ளே போய் ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். ஆபீஸில் பழசாகிப் போனது, மடிப்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. காபி தம்ளர் ஒரு மூலைக்கு, சர்க்கரை டப்பா ஒரு மூலைக்கு என்று பாரம் வைத்தாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பின்னே? வேலையும் வீடும் ஒரே மேஜைக்கு வந்து சேர்கிற நாள் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வாலு எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "நாங்க எந்த வழியா போறோம்?"

அவ்வளவுதான். லாரிக்காரிக்குச் சுருக்கென்றது.

'நாம' என்று கேட்டிருந்தால் கேட்கப்பட்டவளும் காரில் உண்டு. 'நாங்க' என்றால் அவள் வாசலில் நின்று டாட்டா காட்டிவிட்டு, உள்ளே வந்து பாத்திரம் கழுவ வேண்டியதுதான். வாலு வேண்டுமென்று சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது? பல்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தூக்கியிருந்தால் ஒரு எழுவாயைச் சொல்ல வேண்டி வந்திருக்குமே!

ஒன்றரை வருஷமாக அந்தப் பெண் இவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்தி என்று கூப்பிடு என்று அப்பா சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து நின்று, 'அது வந்து' என்று ஆரம்பிப்பாள். மரியாதைக் குறைவு கிடையாது, சண்டை கிடையாது. விருந்தாளியிடம் நடந்துகொள்கிற மாதிரி அத்தனை பதவிசாக நடந்துகொள்வாள். அதுதான் லாரிக்காரியை அறுத்தது. இந்த வீட்டில் தான் ஆளா, விருந்தாளியா? இந்தக் காரில் ஏறுகிறோமா இல்லையா என்பதில் அது தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. போக வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை. அதை வாய்விட்டுக் கேட்பதற்குத்தான் மனசு வரவில்லை. அது அந்தப் பெண்ணின் அம்மா வீட்டு உறவு. அழைக்காத வீட்டுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஆனாலும் தொழில் தொழில்தானே. போனை எடுத்து அந்தப் பக்கம் அடிக்கடி போய்வரும் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டாள்.

"மலைச் சாவடியில சீக்கிரம் விட்டுருவாங்க," என்றார் டிரைவர். "கிட்டமும் அதுதான். ஆனா வளைவுன்னா வளைவு, குடலே வாய்க்கு வந்துரும். ஆத்துப் பாலத்துச் சாவடின்னா கொஞ்சம் நிக்கணும், ரோடு நூல் புடிச்ச மாதிரி இருக்கும். ஆமா, என்ன லோடு?"

"பல்லு," என்றாள் இவள். டிரைவர் சிரிப்பு மேஜை வரைக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு ஆற்றுப் பாலத்து வழியில் பென்சிலால் கோடு போட்டாள்.

"மலை வழிதானே கிட்டம்?" என்றார் பல்காரர், பேப்பருக்குள்ளிருந்தே.

"வாலுக்கு வளைவு ஆகாது. வாந்தி வந்துரும்."

"நான் ஒண்ணும் வாந்தி எடுக்க மாட்டேன்," என்றாள் வாலு.

"போன மாசம் மேம்பாலத்துல யாரு எடுத்தது? என் கைப்பையில?"

வாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள். லாரிக்காரியின் பென்சில் நகர்ந்தது. இந்த இடத்தில் பெட்ரோல், இந்த ஊரில் சாப்பாடு, இங்கே கழிவறை சுத்தமாக இருக்கும், அங்கே இருக்காது. "இங்க சாயங்காலம் இறக்கி, காலையில ஏத்துறோம்," என்று ஒரு ஊரின்மேல் வட்டம் போட்டாள்.

"ஏத்தி இறக்க நாங்க என்ன சரக்கா?"

மறுபடியும் நாங்க. லாரிக்காரி அடுத்த ஊருக்கு வட்டம் போட்டாள். அதற்கடுத்த ஊருக்கும் போட்டாள். வாலு வட்டங்களை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"இது என்ன இவ்வளவு மெதுவா? போய்ச் சேர நாலு நாளா?"

"ஒரு டிரைவர் கணக்கு. ஒரே ஆள் ஓட்டினா கொஞ்சம் ஓட்டணும், அப்புறம் தூங்கணும். எங்க ஆபீஸ்ல அந்த விஷயத்துல யாரையும் நம்ப மாட்டோம். உங்க அப்பாவையும்தான்."

"ரெண்டு டிரைவர்னா?"

"ரெண்டு நாள்ல போயிரலாம்."

"அப்ப நீங்க..." என்று ஆரம்பித்த வாலு பாதியில் நின்றாள். லாரிக்காரி எவ்வளவு நன்றாகக் கார் ஓட்டுவாள் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பல்காரர் ஓட்டினால் சைக்கிள்காரன்கூட மணியடித்து ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போவான்.

லாரிக்காரி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நீ நாங்கன்னு சொன்னே. எனக்கும் கணக்குத் தெரியும், கண்ணு. அதான் ஒரு டிரைவர் போட்டேன்."

"அது... வாயில வந்திருச்சு."

"வந்ததுல தப்பில்ல. எனக்கு வரணும்னு ஆசைதான், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது உங்க அம்மா வீட்டு மனுஷங்க. நீ கூப்பிடாம நான் வர்றது சரியில்ல. அதுக்காக உன்மேல கோவம்னு நினைக்காதே."

வாலின் முகம் சிவந்து போயிற்று. எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படார் என்று சாத்தவில்லை. அப்படிச் சாத்தியிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பல்காரர் பேப்பரை மடித்தார். "இன்னொரு காபி போடலாமா?" என்றார்.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறீங்க," என்றாள் அவள். "உங்க வாய்க்கு எப்பதான் ஒரு நாக்கு கட்டப் போறீங்க? அந்தப் புள்ளைய சொல்லி என்ன, முதல்ல நீங்க சொல்லியிருக்கணும். நீயும் வான்னு ஒரு வார்த்தை! நாலு எழுத்துங்க அது!"

"நீ வராம எப்படி? வருவேன்னுதான் நினைச்சேன்," என்றார் பாவம், நிஜமாகவே திருதிருவென்று விழித்தபடி.

"நினைச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

எழுந்துபோய் அவரே காபி போட்டார். சர்க்கரை டப்பா வரைபடத்தின் மூலையில் இருந்ததால் சர்க்கரை இல்லாமலே போட்டார்.

அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பெரியம்மாதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். பல்காரரிடம் சௌக்கியம் கேட்பாள், பிறகு பிள்ளையிடம் பேசுவாள். லாரிக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, திட்டியதும் இல்லை. வாலு கதவைத் திறந்துகொண்டு வந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கத்திப் பேசுவாள், காதில் வைத்துக் கேட்க முடியாது.

"எப்படா கண்ணு வர்றீங்க? உனக்கும் அப்பாவுக்கும் மாடி ரூமை ஆள் விட்டு ஒழிச்சு வெச்சிருக்கேன்!"

வாலு வரைபடத்தைப் பார்த்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெரியம்மா, நாங்க மூணு பேர் வர்றோம்."

அதே சொல்தான். இந்தத் தடவை வெளியே நின்றது பெரியம்மா.

லாரிக்காரிக்கு முதலில் சந்தோஷம் பொங்கியது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த நொடியே அது வடிந்துவிட்டது. வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் முன்னால்தானே பார்த்தாள். மூட்டு வலியோடு, தங்கையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷிக்கு இப்படியா தெரிய வேண்டும்?

"அவளுமா?" என்றாள் பெரியம்மா. இப்போது கத்தவில்லை.

"ஆமா. அவங்கதான் வழியெல்லாம் போட்டாங்க. அவங்களும் ஓட்டுவாங்க." வாலு வரைபடத்து டேப்பை நகத்தால் சுரண்டினாள். "அவங்க வரலன்னா எனக்கும் வர வேணாம் பெரியம்மா."

பல்காரர் வாயைத் திறந்தார். லாரிக்காரி கையைக் காட்டி மூடச் சொன்னாள். என்றைக்கும் திறக்காத வாய், இன்றைக்குத்தானா!

"போனை அவகிட்ட குடு."

போன் மேஜைமேல்தான் இருந்தது. ஆனாலும் வாலு அதை எடுத்து லாரிக்காரியின் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் லாரிக்காரி.

யோசித்துச் சொன்னதல்ல. புருஷனின் முதல் மனைவிக்கு அக்கா என்றால் இவளுக்கும் அக்காதானே, வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் அந்த அம்மாளை அக்கா என்று கூப்பிட உலகத்திலேயே ஒருத்திதான் இருந்தாள் என்பது சொன்ன பிறகுதான் இவளுக்கு உறைத்தது. ஐயோ, என்ன காரியம் செய்தோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"புள்ளைக்கு வளைவு ஆகாது," என்றாள் பெரியம்மா.

"தெரியும்க்கா. ஆத்துப் பாலத்து வழியாத்தான் வர்றது."

"அவருக்குச் சாப்பிட்டா கண்ணு சொக்கும்."

"தெரியும்க்கா."

"அப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் நீ ஓட்டு. எத்தனை நாள் லீவு போட்டிருக்கே?"

லாரிக்காரி சுவரைப் பார்த்தாள். "நான் லீவே கேக்கலக்கா."

"ஏன்?"

"நீங்க என்ன நினைப்பீங்களோன்னு."

"நினைச்சேன்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். வந்து நின்னா என்னத்தப் பேசுறதுன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு." மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். "அக்கான்னு காதுல விழுந்து நாலு வருஷம் ஆச்சு. நாளைக்குக் காலையில போய் லீவு கேளு. குடுக்கலேன்னா உங்க முதலாளி நம்பரை எனக்குக் குடு, நான் பேசிக்கிறேன்."

"சரிக்கா" என்று சொல்ல நினைத்தாள் லாரிக்காரி. 'சரி' வந்தது, மீதி வரவில்லை, அழுகைதான் வந்தது. வாலுக்கு முன்னால் அழக்கூடாது என்று ஒன்றரை வருஷமாகக் காத்துவந்ததெல்லாம் போயிற்று. எல்லாரும் பார்க்க உட்கார்ந்து அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று, அந்த அம்மாளும் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.