காந்தாவை லா பாஸுக்கு ஏற்றுவது

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கரடிக் கதை. ஜவ்வாது மலையில் ஒரு கரடி ராஜாக்கண்ணுவிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டது. கொடுத்தார். நன்றி சொல்லாமல் போய்விட்டதே என்று இன்றும் அவருக்கு வருத்தம். இதை நம்பாதவள் அவர் மனைவி காந்தா ஒருத்திதான். அவளுக்குத்தான் விமானப் பயணம் வந்தது. கரடியை விட்டுவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: மேகங்கள் மலையைத் தழுவிய ஒரு காலையில்...

(வேண்டாம். மேகம் வந்தால் துணி காயாது, அவ்வளவுதான்.)

தொடக்கம் இரண்டு: தென்னமெரிக்காவில் லா பாஸ் என்று ஒரு நகரம். பன்னிரண்டாயிரம் அடி உயரம். அங்கே சிறுதானியம் பயிரிடும் பெண்களின் கூட்டம். ஜமுனாமரத்தூர் சாமைச் சங்கத்திலிருந்து காந்தாவை அழைத்திருந்தார்கள்.

இது பரவாயில்லை.

2

பயண விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்தவர் ராஜாக்கண்ணு. 'ஊரின் உயரம்' என்ற கட்டத்தில் 3000 என்று எழுதினார். வாழ்நாளில் அவர் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன முதல் உண்மை. மலையில் கிணறு, புளியமரம், பாம்பு, மலை எல்லாமே அடிக்கணக்குதான். கட்டத்தின் ஓரத்தில் 'மீட்டர்' என்று அச்சடித்திருந்ததை யார் பார்த்தார்கள்?

சங்கத்து ரம்யா பயணத் திட்டத்தைப் படித்துக் காட்டினாள்.

"சென்னை, தோஹா, சாவோ பாலோ, அப்புறம் நேரா லா பாஸ். மத்தவங்கள நடுவுல கொச்சபம்பான்னு ஒரு ஊர்ல ரெண்டு நாள் தங்க வெக்கிறாங்க பெரியப்பா, உயரத்துல காத்து கம்மியாம், மூச்சு பழகறதுக்கு. பெரியம்மா ஊரு மூவாயிரம் மீட்டராம், அதனால வேணாமாம்."

ரம்யா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். 'மீட்டர்' மட்டும் ராஜாக்கண்ணுவின் காதிலேயே நின்றுவிட்டது.

3

காந்தாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. போன மழைக்காலத்தில் போளூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள். தப்பைச் சொன்னால் அவள் பெயரை அடித்துவிடுவார்களோ? சொல்லாவிட்டால்...

(இந்த வாக்கியத்தை முடிக்க அவரும் விடவில்லை, எனக்கும் மனமில்லை. அவரை மூன்று நாள் பேசாமல் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். மூன்று நிமிஷம் தாங்கவில்லை.)

"ஏம்மே, பாரத்துல ஒரு தப்பு பண்ட்டேன். அடியக் கொண்டுபோயி மீட்டராக்கிட்டேன்."

காந்தா முறத்தைக் கீழே வைத்தாள். "பொய் எழுதினியா?"

"நெசத்தத்தாம்மே எழுதினேன். அதான் மாட்டிக்கினேன்."

"இன்னாய்யா நீ! கரடி கேட்டது காதுல வுழுது, பாரத்துல இருக்கறது கண்ணுல வுழல. ரம்யாவுக்குப் போன் போடு."

"பேர எடுத்துட்டா?"

"எடுத்தா எடுக்கட்டும். எனக்குப் போனா மட்டும் போதுமா? வூட்டுக்குத் திரும்பி வர வேணாமா?"

அவர் போன் போட்டார்.

4

முடிவு ஒன்று: பெயரை எடுத்துவிட்டார்கள்.

(கிழித்துப் போட்டேன். ராஜாக்கண்ணு ஒரே ஒரு தடவை உண்மை எழுதியதற்கு இவ்வளவு தண்டனை கூடாது.)

முடிவு இரண்டு: காந்தா மலையேறிப் பழகியவள் என்பதால் ஒன்றும் ஆகாது என்று...

(ஆகும். இதிலெல்லாம் நான் புளுகுவதில்லை.)

இரண்டு நாள் கழித்து ரம்யா வந்தாள். "கூட்டம் நடத்தறவங்க சிரிச்சாங்களாம் பெரியப்பா. பெரியம்மாவுக்கு அந்த நடு ஊர்ல மூணு நாள். டாக்டரம்மா பாத்துட்டுத்தான் மேல அனுப்புவாங்களாம்."

"பேரு?"

"பேரு அப்படியே இருக்குது."

இரண்டு நாளாகப் பாதிப் பாதியாக விட்டுக்கொண்டிருந்த மூச்சை ராஜாக்கண்ணு முழுதாக விட்டார். அன்றே போளூர் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம், "நான் ஒரு போன் போட்டேன், ஏரோப்பிளேன் வழிய மாத்திக்கிச்சு" என்றார். முக்கால்வாசி உண்மை. அவருக்கு அது அதிகம்.

5

காந்தாவைக் கொச்சபம்பா வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். எட்டாயிரத்துச் சொச்சம் அடி. மூன்றாம் நாள். சந்தையில் அந்த ஊர்த் தானியத்தை அள்ளி, ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊதுவதற்கு மூச்சு இருக்கிறது. டாக்டரம்மாவும் மேலே போகலாம் என்று தலையாட்டிவிட்டார்.

லா பாஸ் இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு அடி மேலே. நான் எழுதினால் அவசரத்தில் ஒரே வரியில் ஏற்றிவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் நின்று, "எப்படிம்மா இருக்குது?" என்று கேளுங்கள். அவள் பதில் சொன்ன பிறகு அடுத்த வரி.