ஓரம் அடிக்காத மேலங்கி

என் சித்தப்பாவின் மானம் மீட்டருக்கு முந்நூற்றிருபது என்று விலை போனது. மொத்தம் நாற்பது மீட்டர். எங்கள் துணிக்கடையின் பழைய இருப்பிலிருந்து வெட்டிக் கொடுத்த அடர்சிவப்புச் சாட்டின். வாங்கியவர் தலையில் தொப்பியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்த ஒரு சினிமாக்காரர். அறுநூறு கோடி செலவில் ஒரு பறக்கும் வீரனின் படம் எடுக்கிறார்களாம், உடைகளுக்கு அவர்தான் பொறுப்பாம். சித்தப்பா நானூறில் ஆரம்பித்தார். தொப்பிக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். அறுநூறு கோடிக்காரர் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. சித்தப்பாவுக்கோ மரியாதை கூடிவிட்டது.

“பேரம் பேசுறான்னா நெஜமாவே வேணும்னு அர்த்தம்டா” என்றார் சித்தப்பா, அவர் போன பிறகு.

எதற்கு இவ்வளவு சிவப்பு என்று நான் கேட்டதற்கு, தொப்பிக்காரர் “ஹீரோவோட மேலங்கிக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பிச் சித்தப்பா அதே சிவப்பில் இரண்டாயிரம் மீட்டர் ஆலையிலிருந்து இறக்கினார். கடன் இல்லை, கைக்காசு. கிடங்கில் நடக்க வழியில்லாமல் சிவப்பு அடுக்கப்பட்டது. கடைவாசலில் பலகை ஏறியது: ‘பறக்கும் வீரன் படத்தில் வரும் அசல் துணி இங்கே மட்டும்.’

“படத்துல வரலைன்னா?” என்றார் சித்தி.

“வாய வைக்காத. ஊர்ல இருக்கிற பொடிசுங்க எல்லாம் முதுகுல செவப்பு கட்டிக்கிட்டுத் திரியப் போவுது. அப்ப கடையில நிக்க எடம் இருக்காது, பாத்துக்க.”

அடுத்த கடை சித்தியின் அண்ணனுடையது. நைலானைத் தவிர வேறெதையும் துணியென்று மதிக்காதவர் என்பதால் தெருவுக்கே அவர் நைலான் மாமா. ஆறு மாதமாகத் தினமும் எங்கள் படியேறி, “மச்சான், எப்ப பறக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் தன் கடையைத் திறப்பார். அவர் வாயை அடைக்கவென்றே சித்தப்பா வெளியீட்டு நாள் பகல் காட்சிக்குத் தெருவையே திரட்டினார். முப்பத்தாறு டிக்கெட்.

“மொத்தமா எடுக்கறோம்மா, விலை போட்டுக் குடு” என்றார் டிக்கெட் கொடுத்த பெண்ணிடம்.

“சார், இது சினிமா. ஒரே விலைதான்.”

“நாங்களும்தான் ஒரே விலைன்னு போர்டு வெச்சிருக்கோம். அதெல்லாம் நம்புறதுக்காம்மா?”

அவள் அசையவில்லை. சித்தப்பா தன் வாழ்நாளில் சொன்ன விலைக்கு வாங்கிய முதல் சரக்கு அந்தப் படம்தான்.

முதல் அரை மணியில் ஒரு நகரம் இடிந்தது. இடைவேளைக்குள் இன்னும் இரண்டு இடிந்தன. ஒவ்வொரு முறை கட்டடம் சரியும்போதும் ஒருவர் காரிலிருந்து இறங்கி வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார். மூன்று நகரத்துக்கும் ஒரே ஆளை வைத்துச் சமாளித்தது போலிருந்தது. வில்லனுக்குச் சூரியனை அணைக்க வேண்டுமாம். அணைத்துவிட்டு என்ன செய்வான் என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. வீரன் நல்லவன்தான். ஆனால் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் நிதானமாக நின்று தத்துவம் பேசினான். அவன் பேசி முடிப்பதற்குள் ஒரு பேருந்து ஆற்றில் விழுந்துவிட்டது. அறுநூறு கோடியும் எங்கே போனதென்று தெரியவில்லை. கதைக்குப் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

சித்தப்பா கதையைப் பார்க்கவே இல்லை. அவர் கண் வீரனின் முதுகிலேயே இருந்தது. மழையில் பறந்தான், மேலங்கி நனையவில்லை. எரியும் கிடங்குக்குள் புகுந்து வந்தான், கருகவில்லை. குப்புற விழுந்து உருண்டான், ஒரு கசங்கல் கிடையாது. சித்தப்பா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

வீரனின் அப்பா சாகும் கட்டம். இசை நின்று அரங்கமே அமைதி. மகன் மேலங்கியை அவிழ்த்து அப்பா மேல் போர்த்துகிறான். அதன் ஓரம் திரை முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது.

“ஓரம் அடிக்கலடா!”

சித்தப்பா எழுந்து நின்றிருந்தார்.

“வெட்டின விளிம்புடா அது. ஒரு நூல் பிரியல பாரு. இது நம்ம துணி இல்ல. துணியே இல்ல!”

முப்பத்தைந்து ஜவுளிக்காரர்களும் ஒரேயடியாக முன்னால் சாய்ந்தார்கள். அப்பா செத்ததை விட்டுவிட்டுச் சரக்கைப் பார்க்க ஆரம்பித்தார்கள். “ஆமா, தையலையே காணோம்” என்றார் திரைச்சீலைக் கடைக்காரர். “நெசவே தெரியலையேப்பா” என்றார் பொத்தான் கடைக்காரர். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “பெரியவரே, உக்காருங்க. அவராவது நிம்மதியா சாகட்டும்!” என்றது. அரங்கம் சிரித்தது. மூன்று மணி நேரத்தில் அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அது.

இருட்டில் நைலான் மாமா சாய்ந்து கேட்டார். “மச்சான், உங்க துணி எப்ப வரும்? நாலாவது ஊரு இடிஞ்சப்புறமா?”

எல்லாரும் போன பிறகும் சித்தப்பா எழவில்லை. பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேலங்கியைக் கணினியில் வரைந்தவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. நான் எண்ணினேன், இருநூற்றுப் பதினாலு பேர்.

“ஒரு துணிக்கு இத்தன பேரா? நம்ம கடையில மூணே பேருதானடா. இதுல தையக்காரர் யாரு?”

“யாரும் இல்ல சித்தப்பா.”

படிக்கட்டில் நின்றே தொப்பிக்காரருக்குப் போன் போட்டார். அந்த மனிதர் கூசாமல் சொன்னார்: “ஃபேன் முன்னாடி உங்க துணியப் பறக்கவிட்டுப் படம் புடிச்சோம் சார். அதப் பாத்துத்தான் கம்ப்யூட்டர்ல செஞ்சாங்க. சும்மா மாதிரிக்கு.”

“மாதிரிக்கா? அதுக்கு நான் கையகலத் துண்டு ஓசியிலயே குடுப்பேனேய்யா!”

லைன் துண்டாகிவிட்டது.

மறுநாள் காலை பலகைக்குக் கீழே நின்றோம். உள்ளே இரண்டாயிரம் மீட்டர்.

“பலகை இருந்துட்டுப் போவட்டும் சித்தப்பா. யாருக்குத் தெரியப் போவுது?”

“முப்பத்தஞ்சு பேரக் கூட்டிட்டுப் போயி, என் காசுல டிக்கெட் எடுத்துக் காட்டியிருக்கேன். யாருக்குத் தெரியும்னு கேக்குறான் பாரு.” விரலால் பலகையைக் காட்டினார். “வெலையில பொய் சொல்லலாம், வாங்குறவனுக்கும் தெரிஞ்ச பொய் அது. துணியில சொல்லக் கூடாதுடா.”

பலகை எழுதுபவர் முழுதாக அழித்து எழுத அறுநூறு கேட்டார். ஏற்கெனவே அறுநூறு அழுதிருந்த சித்தப்பா, ஒரு வார்த்தைக்கு எவ்வளவு என்றார். நூறு. ‘வரும்’ என்பதை மட்டும் மாற்றச் சொன்னார். ‘பறக்கும் வீரன் படத்தில் வராத அசல் துணி இங்கே மட்டும்.’

மூன்றாம் நாளே அரங்கில் ஈயோட்டினார்கள். படம் பார்த்து நொந்துபோனவர்கள் எங்கள் வாசலில் நின்று பலகையைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் உள்ளே வந்தார்கள்.

“இதப் போட்டா பறக்க முடியாதா அண்ணாச்சி?” என்றார் ஓர் அம்மா.

“பறக்க முடியாது தாயி. ஆனா துவைக்கலாம். ஓரம் அடிச்சே தர்றோம்.”

திரைக்கு எட்டு மீட்டர், மெத்தையுறைக்கு ஐந்து, பள்ளிக்கூட நாடகத்துக்கு முப்பது என்று நகர்ந்தது. நினைத்த விலை கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் படத்தைத் திட்டிவிட்டு, திட்டிய உரிமையில் பத்து, இருபது குறைத்தார்கள். அவர்களோடு சேர்ந்து திட்டிய வாயால் மறுக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து நைலான் மாமா படியேறி வந்தார். “மச்சான், ரெண்டாம் பாகம் எடுக்கறாங்களாம். அதுலயும் நம்ம துணி வராதுன்னு இப்பவே பேசி முடிச்சிருங்க.”

சித்தப்பா கணக்கு நோட்டை எடுத்தார். என் பக்கம் திரும்பி, “கூட்டுடா” என்றார். கூட்டினேன்.

சரக்கு கொள்முதல் நாலு லட்சத்து இருபதாயிரம். டிக்கெட் முப்பத்தாறுக்கு ஒன்பதாயிரம். பலகை எழுநூறு. ஆயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டர் விற்று, சராசரி இருநூற்றுமுப்பது வீதம், வரவு மூன்று லட்சத்து எழுபத்தேழாயிரத்து இருநூறு. தொப்பிக்காரர் கொடுத்தது பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. துண்டு விழுவது முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறு. கையிருப்பு, முந்நூற்றறுபது மீட்டர் சிவப்பு.