வெறுமைக்குக் கொடுத்துவைத்தவன்

முதல் உலகப் போர் முடிந்து ஐந்தாறு வருடம் ஆன லண்டனில் பெர்சி பின்னாக்குக்கு ஒரே ஒரு குறைதான்: குறையே இல்லாதது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நிலையான உத்தியோகம், ஹில்டா மாதிரி ஒரு மனைவி, கொழுகொழுவென்று இரண்டு குழந்தைகள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நவீன கவிதை எழுதுவான்?

ஆபீசில் எதிர் மேஜைக்காரன் கார்சைட் கொடுத்துவைத்தவன். தனிக்கட்டை. வாடகை அறை, ஜன்னலைத் திறந்தால் செங்கல் சுவர், சாப்பாட்டுக்கு டப்பா மீன். சிறுபத்திரிகையில் மாதம் தவறாமல் அவன் கவிதை வந்துவிடும். அங்கே கவிதைக்குக் கீழே பெயர் போடமாட்டார்கள். யார் எழுதியது என்பது அடுத்த இதழில்தான் தெரியும். ஆளைப் பார்த்து யாரும் மெச்சக் கூடாதென்று பத்திரிகை ஆசிரியையம்மாள் வைத்த சட்டம். பெர்சிக்கு அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. படிக்கும்போதே வயிறு எரிந்தால் அது கார்சைட் எழுதியது.

பெர்சி அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியாக வந்ததில் அம்மாள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: ‘நகரத்தின் வெறுமை என்கிறீர்கள். வரிக்கு வரி இறைச்சி வறுபடும் வாசனை வருகிறது.’

"பாவி, வாரத்துல ஆறு நாள் நீ தனியா சாப்பிடுற. உனக்கென்ன!" என்று கார்சைட்டிடம் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"மாத்திக்கலாமா?" என்றான் கார்சைட். அவன் சிரிக்கவில்லை.

அந்த வாரமே பெர்சி மனைவி மக்களை கடலோர ஊரான மார்கேட்டில் இருந்த மாமியார் வீட்டுக்கு ரயிலேற்றினான்.

"கடல்காத்து பசங்களுக்கு நல்லது, ஹில்டா."

"நவம்பர்லயா?"

பெர்சி பெட்டியைத் தூக்கி ரயிலுக்குள் வைத்தான்.

வெறும் வீட்டில் பேனாவும் கையுமாக உட்கார்ந்தான். வெறுமை வரவில்லை, பசிதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மத்தியானச் சாப்பாட்டுக்கு கார்சைட் வந்து நின்றான். வீட்டில் யாரும் இல்லையென்று அவனிடம் சொல்ல பெர்சி மறந்திருந்தான்.

"எங்கடா எல்லாரும்?"

"அனுப்பிட்டேன். எழுதணும்ல."

கார்சைட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆறிப்போன அடுப்பங்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போனான்.

டிசம்பர் இதழில் ஒரு காலி வீட்டைப் பற்றிக் கவிதை வந்தது. கவிழ்த்துவைத்த நான்கு கோப்பைகள். குழந்தையின் கால் வளர்வதற்குள் யாராவது எடுக்கமாட்டார்களா என்று காத்திருக்கும் ஒற்றைச் சாக்ஸ். பெர்சிக்கு வயிறு பற்றிக்கொண்டது. பெண்டாட்டி பிள்ளையை அனுப்பியவன் நான், அறுவடை அவனுக்கா? சாக்ஸாம் சாக்ஸ்! இல்லாததைச் சேர்த்து ஜோடித்திருக்கிறான் திருடன். பத்திரிகை சுவரில் மோதி விழுந்தது.

மறுநாள் காலை ஹில்டா வந்து நின்றாள். புருஷன் கவிதை என்றைக்காவது வரும் என்று மூன்று வருடமாகச் சந்தா கட்டுபவள் அவள். டிசம்பர் இதழை மார்கேட்டுக்கே வரவழைத்துப் படித்திருந்தாள்.

"பசங்க அம்மாகிட்ட இருக்காங்க. உன்ன பாக்கணும்னு ஓடி வந்துட்டேன்." கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பேர் போடலன்னா எனக்குத் தெரியாதா? நம்ம வீடு பெர்சி! நீ எதையுமே பாக்கமாட்டேன்னு நெனச்சிருந்தேன். எல்லாத்தையும் பாத்திருக்க!"

அது பெர்சிக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் கார்சைட்டுக்குச் சேரவேண்டியது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

"சரி, அந்தச் சாக்ஸ எடு. சின்னவன் டாம் அதக் கேட்டு தெனம் அழுவறான். அடுத்த ரயில்லயே போய் கூட்டிட்டு வந்துடலாம்."

பெர்சி மேஜைக்கடியில் குனிந்தான். அடுப்புக்கரிப் பெட்டிக்குப் பின்னால் துழாவினான். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தான். சாக்ஸ் அவன் தலைக்கு நேர் மேலே, அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹில்டா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இங்க யாரு வந்தா?"

"கார்சைட்."

அவள் கைநீட்டி சாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கையுறையைப் பொறுக்கி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கான்னு அவன்கிட்ட சொல்லு," என்றாள் வாசலில் நின்று. "நீயும் எழுது. வீடு காலியாத்தான் இருக்கும்."