செங்கல்வராயன் போட்ட முடிச்சு

பந்தல் என்னவோ பிரமாதமாகத்தான் போட்டிருந்தார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பம், கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒரு பந்தலைப் பார்த்ததில்லை. வாழைமரமென்ன, ரேடியோ செட்டென்ன, பொன்னேரியிலிருந்து வரவழைத்த ரோஜாமாலையென்ன! எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இடது கையை மணிக்கட்டோடு கொடுத்துவிட்டு, மெடலோடு திரும்பியிருந்த செங்கல்வராயனுக்குத்தான் இத்தனை தடபுடலும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி கனகாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே ஒரு பயமும் இருந்தது.

பயம் பாடு பற்றியது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் கழி நட்டு வலை கட்டலாம் என்கிற முறைக்குத்தான் பாடு என்று பேர். வருஷத்துக்கு ஒருமுறை ஆம்பளைகள் பேரையெல்லாம் சீட்டில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். குடத்தில் பேர் இருக்கிறவன் பேச்சுதான் பஞ்சாயத்தில் எடுபடும். அன்றைக்கு விழா முடிந்த கையோடு குலுக்கல். பட்டாளத்துக்குப் போன நாளாய்ச் செங்கல்வராயன் பேர் குடத்தில் விழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். "இந்த வாட்டி பேரு போடுவாங்க இல்ல, கனகு?"

ஊர்த்தலைவர் திருமலை அவனுக்குத் தாய்மாமன். மருமகனுக்குப் பட்டுச் சால்வையைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார். நல்ல மனுஷன்தான், பாவம்.

"எம் மருமவன் நாட்டுக்காவ கையயே குடுத்துட்டான். இனிமே அவன் ஏரில எறங்க வாணாம். அவன் பேர குடத்துல போடப்போறதில்ல. யாரு பாட்டுல மீன் வந்தாலும் அவன் ஊட்டுக்கு ஒரு கூறு போவும்!"

கைத்தட்டலில் கீற்று அதிர்ந்தது. செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டான். கனகாம்பாளுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கூறு யார் யாருக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாதா? புருஷனைத் தண்ணீருக்குக் கொடுத்தவளுக்கும், பாயோடு பாயாகக் கிடக்கிற கிழவனுக்கும் போகிற கூறு அது. அட பாவிகளா, ஆசையாகக் கூப்பிட்டு மாலை போட்டு ஒரு ஆம்பளையை மூலையில் உட்கார வைக்கிறீர்களே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அடுத்துப் பேசியவர் சுபேதார் துளசிராமன். ஊத்துக்கோட்டைக்காரர், செங்கல்வராயனோடு ஒரே கம்பெனியில் இருந்தவர்.

"வங்காளத்துல ஒரு ஆறு நைனா. பாலத்த எதிரி ஒடச்சிட்டான். இவுரு இடுப்புல கயித்த கட்டிக்கினு நீந்துனாரு. நடு ஆத்துல கையில குண்டு பட்டுச்சி. அப்பிடியும் அக்கரைக்குப் போயி மரத்துல கயித்த கட்டிட்டாரு. அத புடிச்சிக்கினுதான் நாங்க அத்தினி பேரும் ஆத்த தாண்டுனோம். நான் இன்னிக்கி உசுரோட நிக்கிறேன்னா அந்த முடிச்சாலதான்!"

மறுபடியும் கைத்தட்டல், விசில். கனகாம்பாள் எழுந்து நின்றாள். சபையில் பெண்பிள்ளை எழுந்ததும் விசில் கப்பென்று அடங்கிவிட்டது.

"அண்ணே, ஒன்னு கேக்கறேன். கையில குண்டு பட்டது முன்னியா, கயிறு கட்டுனது முன்னியா?"

"குண்டு பட்டதுதாம்மா முன்ன."

"அப்போ எந்தக் கையால கட்டுனாரு?"

சுபேதார் சிரித்துவிட்டார். "நல்லா இருந்த கையாலதாம்மா. மிச்சத்துக்குப் பல்லு."

கனகாம்பாள் தலைவர் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களா மாமா? ஒரு பட்டாளத்தையே தாங்குன முடிச்சு, ஒரு எறா வலையத் தாங்காதா?"

"இன்னாம்மே பேஜாரு பண்ற?" திருமலைக்கு முகம் சிவந்துவிட்டது. "உசுரு போற அவசரத்துல கட்டுனது வேற, தெனத்துக்கும் தண்ணில நின்னு கட்றது வேற. ஏரி சும்மா இருக்குமா? இழுக்கும்!"

"நீங்களே இழுத்துப் பாத்துக்கங்க மாமா."

செங்கல்வராயன்தான் சொன்னான். சால்வையை உருவிக்கொண்டு முன்பக்கத்துப் பந்தக்காலுக்குப் போனான். ஒரு முனையைப் பல்லால் கவ்வி, மொட்டைக் கையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் சுற்றி ஒரு சொடுக்குச் சொடுக்கினான். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுமுனையை மாமன் கையில் கொடுத்தான்.

திருமலை முதலில் மரியாதைக்கு இழுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். அப்புறம் அவர் தம்பி முனிகிருஷ்ணனும் சேர்ந்துகொண்டான். முடிச்சு அசையவில்லை, பந்தக்கால் அசைந்தது. கீற்று பொலபொலவென்று தலைவர் தலையில் கொட்டியது. சுபேதார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

"உடுங்க மாமா, முடிச்சு வராது, பந்தல்தான் வரும்!" என்று கத்தினாள் கனகாம்பாள்.

தலைமயிரில் ஓலைத் துணுக்கோடு மூச்சிரைக்க நின்றார் திருமலை. இன்றைக்கு ரகளைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரானால் முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து ஓவென்று சிரித்தார்.

"டேய், இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? எம் மருமவன் பேர எழுதிக் குடத்துல போடுங்கடா!"

குடம் குலுங்கியது. பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன, வருகிற வரிசைப்படி இடம். கடைசிக்குச் சற்று முன்னால் வந்தது அவன் பேர்.

"செங்கல்வராயன்! சேத்துமேட்டுப் பாடு!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. முழங்கால் சேறு, மீன் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. யாருக்கு விழுந்தாலும் மூஞ்சி சுருங்கும். திருமலை சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வேற எடம் வேணும்னா மாத்திக்கலாம்டா..."

"குலுக்குனா குலுக்குனதுதான் மாமா." செங்கல்வராயன் பட்டாளத்தில் பேர் கூப்பிடும்போது நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றான். "சேத்துமேடு, செங்கல்வராயன். இருக்கேன்!"

கனகாம்பாள் வாய்விட்டே அழுதாள். அழுத கண்ணைத் துடைக்க, பந்தக்காலில் தொங்கிய பட்டுச் சால்வைதான் கைக்குக் கிடைத்தது. அதை இன்னும் யாராலும் அவிழ்க்க முடியவில்லை.