பூமிக்குக் காற்றடித்த கதை

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கேமரன் மலையில், திரிங்காப் சந்தையில் கோஸ் வாங்க நின்றபோது. "கீழ லயத்துல பூமிக்குள்ள காத்து அடிக்கிறாங்க லா" என்றார் காய்கறிக்காரர். பூமிக்கு என்ன பஞ்சரா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.
தொடக்கம்: மூடுபனி தேயிலைச் சரிவுகளைத் தழுவிய அந்த...

(அடித்துவிட்டேன். கேமரன் மலைக் கதை என்றால் மூடுபனி முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.)

மறுபடி: தோட்டத்தின் பழைய பெட்ரோல் தொட்டி ஒழுகி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் கிணற்றுத் தண்ணீர் பல வருஷமாக நாறியது. அதைச் சுத்தம் செய்ய வந்த பொறியாளர் ரூபினி இரண்டு வகைக் குழாய்களைத் திட்டமிட்டாள். ஒன்று நிலத்தடி நீருக்குள் காற்றைச் செலுத்தும். காற்று குமிழியாக மேலேறும்போது பெட்ரோலை ஆவியாக்கி இழுத்துவரும். மற்றது அந்த ஆவியை வெளியே விடும். (அறிவியல் இவ்வளவுதான். பயப்படாதீர்கள்.)

3.
ரூபினி மேல் எனக்குச் சந்தேகம். மண்ணை அடுக்கடுக்காகச் சோதித்தவள், எந்தக் குழாய் எதற்கு என்று லயத்தில் சொல்லாமலா இருப்பாள்? இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொசு ஒழிப்புக் கோத்தோங் ரோயோங்; லயமே கூடிச் சுத்தம் செய்தது. திறந்த குழாயில் தண்ணீர் தேங்கினால் அபராதச் சம்மன் வரும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே குடியிருந்த யோகேஸ்வரி தன் வீட்டோரம் நின்ற குழாய்களின் வாயையெல்லாம் பால் டின்னால் மூடி, ரப்பர் போட்டு இறுக்கினார்.

திங்கட்கிழமை ரூபினி காற்று மோட்டாரைப் போட்டாள். வெளியேற வழியில்லாத ஆவி யோகேஸ்வரியின் அடுப்படித் தரை விரிசலில் ஏறியது. குழாய்களைப் பார்க்க வந்த ரூபினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, யாரு இந்த டின்ன மூடுனது?"

"நான்தான்மா. எப்படிக் கட்டிருக்கேன் பாரு. உள்ள வா, தேத்தண்ணி போடுறேன்." மேசைக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரி லைட்டரோடு அடுப்பை நோக்கித் திரும்பினார்.

"பெட்ரோல் வாடை அடிக்கலயாக்கா?"

"அது எப்பவும் அடிக்கிறதுதானே."

4.
முடிவு அ: ரூபினி பாய்ந்து அவர் கையை...

(வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு மேசையை நான்தான் போட்டேன். சுற்றிக்கொண்டு ஓட வேண்டும்.)

முடிவு ஆ: லைட்டர் பற்றவில்லை. (காப்பாற்றியது நான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.)

முடிவு இ: மோட்டாரைக் கதையிலிருந்தே எடுத்துவிடுகிறேன். அப்படியானால் அவர் அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பார்.

5.
எனக்கு இந்த அம்மாளைப் பிடித்துப்போய்விட்டது. இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது. முடிவை உங்களிடம் விடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அதற்கு முன்னால் அவரை வாசலுக்குக் கூப்பிடுங்கள். கட்டைவிரல் லைட்டர் மேல் இருக்கிறது. கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.