சகலை கொடுத்த ஜாமீன்

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், இந்த நாட்டின் குடிமகனாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பெருமையை அவர் ஒரு நாளும் தனியாகச் சுமந்ததில்லை. எங்கள் எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவைப்பார். வரவேற்பறைச் சுவரில் குடியுரிமைச் சான்றிதழ் தொங்கும். அதற்கென்று தனியாக ஒரு குட்டி விளக்கு. அதன் கீழே, இந்த நாட்டு மொழித் தேர்வில் முதல் வகுப்பில் தேறியதற்கான சான்றிதழ். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட, "ஒரு குடிமகன்கிற முறையில சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். பிழைப்புக்கு மோட்டார் உதிரிபாகக் கடையின் கவுன்டரில் நிற்கிறார். அங்கே வருபவர்கள் பிரேக் ஷூவைக் கேட்டுவிட்டு அரசியல் சாசனத்தையும் சேர்த்து வாங்கிப்போவார்கள்.

நான் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். என்னுடைய அனுமதி என்னை வேலைக்கு எடுத்த கம்பெனியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியோ வருடக் கடைசியில் கதவைச் சாத்தப்போவதாக அறிவித்துவிட்டது. அதற்குள் என் மனைவிக்குக் குடியுரிமை கிடைத்தால், அவளுடைய கணவன் என்ற முறையில் நான் இங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவள் எனக்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்தவள். பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் ரோஜாப்பூ போடுவது அவள் வேலை.

தேர்வுக்கு அவளைத் தயார்செய்யும் பொறுப்பைச் சகலை யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். அவருடைய முறை வாய்ப்பாடு ஒப்பிக்கும் முறை. முதல் கேள்வியிலிருந்து வரிசையாக, நடுவில் நிற்காமல் சொல்ல வேண்டும். அவர் அப்படித்தான் பாஸானாராம். என் மனைவியும் ரோஜாவுக்கு ஒரு கேள்வி என்று மனப்பாடம் செய்தாள். ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் விழுங்குவதற்கு முன் என்னவென்று கேட்பாள்.

குடியுரிமை மண்ணால் வருவது ஒன்று, ரத்தத்தால் வருவது ஒன்று என்று சகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கினார். சில நாடுகளில் அங்கே பிறந்தாலே போதும். சில நாடுகளில் பெற்றவர்கள் யாரென்று பார்ப்பார்கள். அப்படியானால் இரண்டு நாட்டுக்கும் நடுவே கப்பலில் பிறந்த குழந்தை எந்த ஊர் என்று அவள் கேட்டாள். அது பாடத்தில் இல்லை என்றார். ஒரு குழந்தை வெறுமனே அழுது வாங்கிவிடுகிற உரிமைக்குத் தான் மட்டும் ஏன் இத்தனை பதில் சொல்ல வேண்டும் என்றாள். அதுவும் பாடத்தில் இல்லை. விண்ணப்பிக்கிறவருக்காக ஒரு குடிமகன் நேரில் வந்து ஜாமீன் நிற்க வேண்டும் என்பது ஏன் என்று கேட்டபோதுதான் சகலை முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் கோட்டைக்குள் வெளியூர்க்காரன் குடியேற வேண்டுமானால் ஊர்க்காரன் ஒருவன் பொறுப்பேற்க வேண்டும், வந்தவன் ஏதாவது செய்துவைத்தால் பொறுப்பேற்றவன் தலைதான் உருளும் என்று கை கால் ஆட்டி விவரித்தார். தன் தலையை எங்களுக்காகத் தருவதாகவும் அறிவித்தார்.

அடுத்த கேள்வி குடிமக்களின் கடமைகள் பற்றியது. சட்டத்தை மதிப்பது, வரி கட்டுவது, நீதிமன்றம் அழைத்தால் ஜூரியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது என்று அவள் ஒப்பித்தாள். பிறகு வழக்கம்போல் நிறுத்தினாள்.

"நீங்க உக்காந்திருக்கீங்களா அத்தான்?"

சகலை சிரித்தார். இரண்டு முறை அழைப்பு வந்ததாம். இரண்டு முறையும், தனக்கு இந்த நாட்டு மொழி சரியாகப் புரியாது என்று எழுதி அனுப்பிவிட்டாராம். மொழித் தேர்வுச் சான்றிதழின் அடியில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னார்.

"கடையை யாரு பாத்துக்கறது? இதுக்கெல்லாம் கொஞ்சம் மூளை வேணும்மா."

"அந்த மூளையைத்தானே கோர்ட்டு கேட்டுச்சு" என்றாள் அவர் மனைவி, தட்டுகளை அடுக்கியபடி.

நேர்காணல் நாளன்று சகலை கோட்டு போட்டு, டையில் கொடி பொறித்த ஊசி குத்திக்கொண்டு வந்தார். கீழே நீதிமன்றம், மாடியில் குடியுரிமை அலுவலகம். அதிகாரி ஒரு பெண்மணி. முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். எடுத்த எடுப்பில் நடுவிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். என் மனைவியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைய ஆரம்பித்தன. அதிகாரி காத்திருந்தார். பேனாவை மூடினார், திறந்தார்.

"என்னம்மா, ஜபமா?"

"வரிசையா வந்துட்டிருக்கேன் மேடம். இன்னும் கொஞ்ச தூரம்தான்."

வந்து சேர்ந்து சரியாகவே சொன்னாள். அதிகாரிக்கு வேடிக்கையாகிவிட்டது போலும். வேண்டுமென்றே முன்னும் பின்னும் தாவிக் கேட்டார். அவளும் ஒவ்வொரு முறையும் தெருக்கோடியிலிருந்து புறப்பட்டு வந்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கடமைகள் கேள்விக்கு ஜூரி உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

பிறகு ஜாமீன்காரர் முறை. சகலை எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்று அதிகாரி சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. உரிமையும் கடமையும், சுதந்திரத்தின் விலை, சட்டத்தின் நிழல் என்று இந்த நாட்டு மொழியில் ஒரு பிசிறு இல்லாமல் பொழிந்து தள்ளினார். அதிகாரி குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஜாமீன் தருகிறவர் தன் கடமைகளைச் செய்தவரா என்று பார்ப்பது வழக்கமாம்.

"ரெண்டு தடவை கோர்ட்டு கூப்பிட்டிருக்கு. மொழி புரியாதுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப, இவ்வளவு நேரம் பேசினது யாரு?"

சகலை கொடி ஊசியைத் தொட்டுப் பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை, அவருக்கு உண்மையாகவே சந்தேகம். மொழி புரியாது என்றால் கையெழுத்திட்ட ஜாமீன் உறுதிமொழியும் புரிந்திருக்காது, அது செல்லாது. புரியும் என்றால் நீதிமன்றத்திடம் பொய் சொன்னவர், அவர் இன்னொருவருக்கு ஜாமீன் நிற்க முடியாது. இரண்டில் எது என்று கேட்டார். இரண்டில் எதுவானாலும் நான் ஊருக்குப் போவது நிச்சயம் என்று எனக்குப் பட்டது. சகலை மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் மனைவிதான் பேசினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தட்டிக்கழிச்ச கடமையை அப்புறமா வந்து செய்ய முடியாதா?"

இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார் அதிகாரி. அவருக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். கீழே போன் செய்தார். அன்றைக்குத்தான் புது வழக்குக்கு ஜூரி எடுக்கிறார்களாம், ஆள் போதவில்லையாம். பழைய காரணத்தை எழுத்தில் வாபஸ் வாங்கி, வழக்கு முடியும்வரை ஜூரியில் உட்கார்ந்து எழுந்தால் ஜாமீனை ஏற்கலாம் என்று முடிவானது. சகலை எங்களைப் பார்க்காமல் மாடிப்படி இறங்கினார். கோட்டு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

வழக்கு வாரக்கணக்கில் இழுத்தது. முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், பிறகு அழைக்கும் நேரத்துக்கு முன்பே போக ஆரம்பித்தார். இரவில் தூக்கமில்லாமல் நடப்பதாக அவர் மனைவி சொன்னாள். ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்து, "சகலை, ஒருத்தன் தன் வீட்டுக் கதவை வேணும்னே திறந்து வச்சிட்டுப் போனான்னா..." என்று ஆரம்பித்தார். உடனே ஏதோ ஞாபகம் வந்தவர்போல் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். யார் கதவு, எதற்குத் திறந்தான், உள்ளே போனது யார் என்று எங்கள் மண்டையைக் குடைந்தது.

தீர்ப்பு வந்த மறுவாரம் என் மனைவி வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தாள். என் ஸ்பேனர்கள் பெட்டிக்கு வெளியே தங்கின. அன்று எல்லோரும் சகலை வீட்டில் சாப்பிட்டோம். தட்டு வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டோம். திறந்த கதவுக்காரன் கதி என்ன? ஒத்துக்கொண்டார்களா, சண்டை போட்டார்களா? அவர் எந்தப் பக்கம்?

சகலை எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். ஜூரி அறைக்குள் பேசியதை ஆயுசுக்கும் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம் என்றார். அவர் வாயைக் கட்டுவார் என்று அவர் மனைவி நம்பவே இல்லை. என் மனைவி, அது தன் பாடத்தில் வரவில்லையே என்றாள்.

"வரலைதான். ஆனா சட்டம்."

"எனக்கு மட்டும், காதுல சொல்லுங்க அத்தான். நானும் இப்ப குடிமகள்தானே."

அவருக்குச் சொல்ல ஆசையாக இருந்தது என்பதைக் குருடன்கூடப் பார்த்திருப்பான். குட்டி விளக்கின் கீழே சான்றிதழ் பளபளத்தது. இத்தனை வருடம் சட்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவருக்கு, சட்டத்தோடு நேரில் பழகிய ஒரே சங்கதியைப் பேச அனுமதி இல்லை.

"உனக்கும் ஒருநாள் கோர்ட்டுக் கடுதாசி வரும்" என்றார் அவளிடம். "போய் உக்காந்து பாரு."

பிறகு கையை நீட்டினார்.

"அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளு."

முன்னால் குடிமகன் என்ற ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவர் மனைவி அப்போதுதான் நம்பினாள்.